கசார்வாடியில் ஆறு தூண்கள்

கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்று யாராவது சொன்னால் அகல்யாவுக்குக் கோபம் வரும். துணி காயும், வடகம் காயும், கான்கிரீட் காயாது. அது தண்ணீரைக் குடித்துக் கெட்டிப்படுகிற சாமான். லோஹேகாவுக்குப் பின்னால், விமானப்படை மதிலைத் தாண்டிப் போகிற சாலையில் இருக்கும் ரெடிமிக்ஸ் ஆலையில் பதினோரு வருடமாகச் சோதனைக்கூடம் அவள் பொறுப்பு. புதிதாக வரும் சைட் இன்ஜினியர் பிள்ளைகளிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவாள். எல்லாரும் பவ்யமாகத் தலையாட்டுவார்கள். மறுநாளே போன் பண்ணி, "மேடம், ஸ்லாப் சூக் கயா" என்பார்கள். காய்ந்துவிட்டதாம். திருத்தித் திருத்தி அவளுக்கும் அலுத்துவிட்டது.

அவளுடைய அப்பா தாழையூத்து சிமெண்ட் ஆலையில் சூளைப் பக்கம் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, படுக்கவைத்த நீள இரும்புச் சூளைக்குள் உருட்டி உருட்டிச் சுட்டால், மறுமுனையில் நெல்லிக்காய் அளவில் கறுப்பு உருண்டைகளாக வந்து விழும். அதற்குக் கிளிங்கர் என்று பெயர். கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அதை மாவாக அரைத்தால் சிமெண்ட். அவ்வளவு சூட்டில் வெந்து வந்ததால்தான் அதற்கு அத்தனை தாகம் என்று அகல்யா சொல்வாள். அறிவியல்படி அது முழுக்கச் சரியில்லை என்று அவளுக்கே தெரியும். ஆனால் தண்ணீரை அளந்துதான் கொடுக்கவேண்டும் என்பதை மண்டையில் ஏற்ற அது போதும். குறைந்தால் சிமெண்ட் பாதி வேலை செய்யாமல் கிடக்கும். கூடினால், குடித்தது போக மிச்சத் தண்ணீர் உள்ளே தங்கி, பிறகு வற்றி, இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை விட்டுவிட்டுப் போகும்.

அந்த வியாழக்கிழமை காலையில் அவள் உடைக்க எடுத்தது கசார்வாடி கியூப். கசார்வாடியில் பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அதன் நாலாவது மாடித் தூண்கள் ஆறுக்குப் போன வாரம் இங்கிருந்து ஒரு வண்டி கான்கிரீட் போயிருந்தது. வண்டியிலிருந்து இறங்கும் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து, ஆறு அங்குல இரும்பு அச்சுகளில் கம்பியால் குத்திக் குத்தி அடைத்து, மறுநாள் அச்சைப் பிரித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்பார்கள். கியூப் என்பது இந்தக் கட்டிதான். மொத்தம் ஆறு. மூன்றை ஏழாம் நாள் உடைப்பது, மூன்றை இருபத்தெட்டாம் நாள் உடைப்பது. தூணுக்குள் என்ன நடக்கிறது என்று தூணிடம் கேட்க முடியாது. இந்தக் கட்டிகளிடம்தான் கேட்கவேண்டும்.

வெளியில் மழை தூறிக்கொண்டிருந்தது. புனே மழைக்கு இடி, மின்னல் என்ற ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. விடியும்போது ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை சிணுங்கும். அகல்யா முதல் கட்டியைத் துடைத்து, எடை போட்டு, இயந்திரத்தின் இரண்டு தட்டுக்கும் நடுவில் வைத்தாள். எடை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது. அப்போதே அவளுக்கு மனசு ஒரு மாதிரி ஆனது. முள் ஏறியது. இருநூறு கிலோநியூட்டன், முந்நூறு. நாற்பது கிரேடு கான்கிரீட் ஏழாம் நாளில் அறுநூறைத் தொட்டால் நிம்மதி. முந்நூற்று எண்பத்திரண்டில் சத்தமே இல்லாமல் கட்டி பொருமியது. நல்ல கட்டி உடையும்போது பட்டாசு போலச் சத்தம் வரும். இது பொலபொலவென்று நொறுங்கி உட்கார்ந்தது. இரண்டாவது முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. மூன்றாவது முந்நூற்று எழுபத்தொன்று.

மூன்றையும் பென்சிலால் தன் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டாள். பெரிய பதிவேட்டில் ஏற்றவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அறிக்கை போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு தூண்களின் மேல் அடுத்த தளம் போடப்போகிறார்கள். போட்டுவிட்டால் பிறகு தூணை இடிப்பது என்ற பேச்சே கிடையாது.

வாசலில் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினாள். தத்தா. கசார்வாடிக்கு அந்த வண்டியை ஓட்டிப்போன டிரைவர். நாற்பது வயதிருக்கும். மழைக்கோட்டுத் தொப்பியைக் கையில் பிழிந்துகொண்டு நின்றான். அவன் பேசுவது மராத்தி வாடை அடிக்கும் இந்தி.

"உடைச்சாச்சா வஹினி?"

ஆலையில் அவளை அண்ணி என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். காரணம், அவள் புருஷன் ரவிசந்திரனும் அதே ஆலையில்தான் இருந்தான். எந்த வண்டி எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று தீர்மானிக்கிற டிஸ்பாட்ச் அறை அவனுடையது.

"உடைச்சாச்சு" என்றாள் அகல்யா.

"பாஸா?"

அவள் இயந்திரத்தின் தட்டிலிருந்து விலகி நின்றாள். தத்தா நொறுங்கிக் கிடந்த கட்டியைப் பார்த்தான். பத்து வருடம் கான்கிரீட் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பார்த்தாலே தெரியும்.

"அந்த சைட் இன்ஜினியர் ஷ்ரேயஸ், நான் டிரம்முக்குள்ள ஹோஸ் பைப் விட்டதைப் பாத்திருக்கான். நம்ம மேனேஜர் குல்கர்ணி சாஹேப்புக்கு எழுதிப் போட்டுட்டான். கியூப் பாஸானா திட்டோட விட்டுருவேன், ஃபெயிலானா சாவிய வச்சிட்டு வீட்டுக்குப் போன்னு சாஹேப் சொல்லிட்டாரு" என்றான்.

"தண்ணி விட்டியா?"

"விட்டேன். என் கைதான் விட்டுச்சு."

"எதுக்கு விட்ட?"

தத்தா தொப்பியை இன்னும் ஒரு முறை பிழிந்தான். அதில் பிழிய எதுவும் மிச்சமில்லை. "ரவி சாஹேப்கிட்ட கேளுங்க வஹினி" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

அன்று முழுக்க அகல்யாவுக்கு வேலை ஓடவில்லை. மணல் சலித்தாள், சிமெண்டோடு சேர்க்கிற நிலக்கரிச் சாம்பலான ஃப்ளை ஆஷ் வந்த லாரியில் மாதிரி எடுத்தாள், கூம்பில் கான்கிரீட்டை அடைத்துத் தூக்கி எவ்வளவு சரிகிறது என்று அளந்தாள். டிஸ்பாட்ச் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் ரவிசந்திரன் காதில் போனை மாட்டிக்கொண்டு மூன்று பாஷையில் வண்டிகளை விரட்டிக்கொண்டிருந்தான். ஒரே ஆலையில் வேலை பார்க்கிற புருஷன் பெண்டாட்டி என்பதால் ஆலையில் இருவரும் அதிகம் பேசுவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அன்று அந்த வழக்கம் அவளைக் காப்பாற்றியது.

விஷ்ராந்த்வாடியில் அவர்கள் வீடு இரண்டாவது மாடி. ஏழரைக்கு வெண்டைக்காய்ப் புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும் தயாராக இருந்தன. மகள் ஸ்ரீவித்யாவுக்குத் தனியாகச் சப்பாத்தி. அவள் புனேயில் பிறந்து வளர்ந்தவள், கல்லூரியில் முதலாமாண்டு. தமிழ் பேசினால் அடுப்பில் வைத்த ஈர விறகு மாதிரி விட்டு விட்டுத்தான் வரும். ரவிசந்திரன் குளித்துவிட்டு வந்து, சோறு ஆறட்டும் என்று ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தான். திருநெல்வேலியிலிருந்து அவன் அண்ணன் ஒவ்வொரு தை மாதமும் கூரியரில் அனுப்புகிற காலண்டர் அது. ஒரு மாடியின் முதல் தூணுக்கு வண்டி விடுவதென்றால் நல்ல நேரம் பார்க்காமல் அவன் விடமாட்டான். ஆலையில் இதைச் சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள். ஆனாலும் அவன் பார்த்த நேரத்துக்கு விட்ட வண்டி வீணாய்ப் போனதில்லை என்று அவர்களே பெருமையும் பேசுவார்கள்.

அகல்யா சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள். "போன வியாழக்கிழமை கசார்வாடி வண்டி எத்தன மணிக்குப் பொறப்பட்டுது?"

"பத்தே முக்கா."

"அந்த ஷ்ரேயஸ் பையன் காலைல ஆறு மணிக்குல்லா கேட்டிருந்தான்?"

"ஆறுல இருந்து ஏழரை எமகண்டம். தூணு காரியம்லா. பத்தே முக்காலுக்குத்தான் நல்ல நேரம்."

ஸ்ரீவித்யா சப்பாத்தியைக் கிழித்துக்கொண்டே சிரித்தாள். "அப்பா, லாஸ்ட் தர்ஸ்டே? அன்னைக்கு பால்கி இல்ல?"

ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கு பண்டரிபுரத்துக்குப் புறப்பட்டுப் புனேக்குள் நுழைகிற நாள் அது. லட்சக்கணக்கில் ஜனங்கள் தம்பூராவும் ஜால்ராவுமாக, தலையில் துளசிச் செடியோடு நடந்து வருவார்கள். வருகிற பாதை இவர்கள் வீட்டு வாசல், ஆளந்தி ரோடு.

"தெரியும்ட்டி. பல்லக்கு மத்தியானம்தான விஷ்ராந்த்வாடிக்கு வரும். அதுக்குள்ள வண்டி தாண்டிரும்னு கணக்குப் போட்டேன்" என்றான் ரவிசந்திரன்.

"பல்லக்கு மத்தியானம் வரும்ப்பா. ஆனா லோக்... ஜனங்க எல்லாம் மார்னிங் ஆறு ஆறரைல இருந்தே முன்னாடி... முன்னாடி நடந்து வருவாங்க. நாங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கேலா... வாழப்பழம் குடுத்தோம் அங்க. ஒம்பது மணிக்கே ரோடு பந்த். ஹர் சால், எல்லா வருஷமும் அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

ரவிசந்திரன் அப்பளத்தை நொறுக்கினான். பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறான். பல்லக்கு வருகிற தேதி அவனுக்குத் தெரியும். பல்லக்குக்கு முன்னால் அரை நாள் நீளத்துக்கு ஜனங்கள் வருவார்கள் என்பது, அந்த நேரமெல்லாம் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாமலே போய்விட்டது. ஒரு மராத்திக்காரன் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் எமகண்டமாவது ஒன்றாவது என்று ஆறு மணிக்கே வண்டியை விட்டிருப்பான்.

மகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அகல்யா கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள்.

"தண்ணி விடச் சொன்னது நீங்களா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தத்தா ஒங்ககிட்ட கேக்கச் சொன்னான்."

ரவிசந்திரன் கையைக் கழுவப் போனான். திரும்பி வந்து அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். "விஷ்ராந்த்வாடி முக்குல வண்டி ரெண்டே முக்கா மணி நேரம் நின்னுட்டு. போலீசு எஞ்சின அணைக்கச் சொல்லிட்டான். எஞ்சின் நின்னதும் கான்கிரீட்டச் சுத்திக்கிட்டிருந்த டிரம்மும் நின்னுச்சு. பொறவு வழி விட்டு, சுத்திக்கிட்டு கசார்வாடி போயிச் சேந்தப்ப கான்கிரீட் எறங்க மாட்டேங்கு. தத்தா போன் போட்டான். திருப்பிக் கொண்டாந்து கொட்டிரவான்னு கேட்டான்."

"கேட்டானா?"

"கேட்டான்."

"நீங்க என்ன சொன்னிய?"

"தண்ணி விட்டு ரெண்டு சுத்துச் சுத்தி எறக்குன்னேன். பத்து நிமிசம் சுத்தணுமேன்னான். அதுக்குள்ள முழுசா இறுகிரும், ரெண்டு நிமிசம் போதும், எறக்குன்னேன்."

"எவ்வளவு தண்ணி?"

"அது தத்தா கைக்குத்தான் தெரியும். அளந்தா விடுவான்?"

அகல்யா புளிக்குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். திறந்து மறுபடி மூடினாள். "கொட்டச் சொல்லிருக்கலாம்லா. ஒரு வண்டி கான்கிரீட்டு. எத்தன தடவ கொட்டிருக்கோம்."

"கொட்டுனா ஏன் லேட்டாச்சுன்னு கேப்பாவ. ஏன் ஆறு மணிக்கு விடலன்னு கேப்பாவ. காலண்டரப் பாத்து விட்டேன்னு குல்கர்ணிகிட்ட சொல்லவா? அன்னைக்கே அந்த நாற்காலிய எடுத்துருவாரு." அவன் குரல் தணிந்தது. "இவ்வளவு ஆகும்னு நெனைக்கல, அகல்யா. நம்பர் எவ்வளவு?"

அவள் சொன்னாள். மூன்றையும் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவளுக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. எரிச்சலும் அதே அளவு இருந்தது. இந்த மனுஷன் மற்றவர்கள் வண்டியில் ஒரு குவளைத் தண்ணீர் கூட விட்டால் கத்துகிற ஆள்.

"அந்த ஸ்பேர் இருக்குல்லா" என்றான் ரவிசந்திரன்.

அவள் எதிர்பார்த்ததுதான். தொட்டியின் மூலையில், தேதி எழுதாமல், ஒரு சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்டு ஒன்பது கட்டிகள் எப்போதும் கிடக்கும். சிமெண்டைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு அவளே வார்த்து வைத்தவை. இந்தத் தொழிலில் பல இடத்தில் உண்டு. அவளுக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பழக்கம். சைட்டிலிருந்து வருகிற கட்டி வழியில் குலுங்கி விரிசல் விட்டிருந்தால், மூலை உடைந்திருந்தால், அதற்குப் பதில் இதில் ஒன்றை எடுத்து உடைத்து எழுதுவார்கள். அவளும் எழுதியிருக்கிறாள்.

"அதுல மூணு எடுத்து உடைச்சு எழுதிரு. தத்தா வேலையும் தப்பிச்சிரும், நானும் தப்பிச்சிருவேன்."

"தூணு தப்பிக்குமா?"

"ஃப்ளை ஆஷ் போட்ட கலவைட்டி. ஏழு நாள்ல சோம்பலாத்தான் இருக்கும். இருபத்தெட்டு நாள்ல ஏறிரும்."

"இந்த நம்பர் ஏறாது. ஒங்களுக்கும் தெரியும்."

"இதுக்கு முன்ன நீ ஸ்பேர் எடுத்ததில்லையா?"

"எடுத்திருக்கேன். நாலு தடவ எடுத்திருக்கேன். அப்பல்லாம் கெட்டது கியூபு. கான்கிரீட்டு நல்லாத்தான் இருந்துது. இப்ப கெட்டது கான்கிரீட்டுல்லா."

"நீ பெரிய நீதிமான் மாதிரிப் பேசாத."

"நான் நீதிமான் இல்ல. அந்த ஒம்பதையும் வார்த்து வச்சவளே நான்தான். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஒங்க வேல போனா என்ன செய்யன்னு சமைக்கும்போதே யோசிச்சிட்டுதான் இருந்தேன். ஒண்ணும் தோணல. ஆனா அதுல எழுதிட்டா, அந்தக் கட்டடத்துப் பக்கமா நம்மால பஸ்ல கூடப் போக முடியாது."

ரவிசந்திரன் எழுந்து பால்கனிக்குப் போய் மழையைப் பார்த்தபடி நின்றான்.

மறுநாள் காலை வழக்கம்போல ஒரே பைக்கில் கிளம்பினார்கள். வீட்டிலிருந்து ஆலை வரை முக்கால் மணி நேரம். மழைக்கோட்டுக்குள் அவன் முதுகில் இவள் முகம் படும்படி உட்கார்ந்துதான் போகவேண்டும். சண்டை போட்டாலும் அதைத் தவிர வேறு வழியில்லாத வண்டி அது. லோஹேகாவ் தாண்டும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எட்டேகாலுக்கு முதல் கலவை ஆரம்பித்தது. உயர்ந்து நிற்கும் சிலோவிலிருந்து சிமெண்ட் இறங்க, பெல்ட்டில் இரண்டு சைஸ் ஜல்லியும் உடைத்த மணலும் ஏற, தண்ணீர் லிட்டர் கணக்காக அளந்து பாய, பெரிய சட்டிக்குள் எல்லாம் புரண்டு ஒன்றரை நிமிடத்தில் சாம்பல் நிறக் கூழாகி வண்டிக்குள் விழுந்தது. மழை நாளில் மணலே ஈரத்தோடு வரும். அந்த ஈரத்தைக் கணக்குப் பண்ணித் தண்ணீரைக் குறைக்கச் சொல்வது அகல்யா வேலை. கலவையை இயக்குகிற கூண்டிலிருக்கும் ஆளிடம் எண்ணைச் சொல்லிவிட்டு சோதனைக்கூடத்துக்குள் வந்தாள். தொட்டியில் கையை விட்டு, சுண்ணாம்புக் கோடு போட்ட முதல் கட்டியை எடுத்துத் துடைத்தாள்.

எழுநூற்று முப்பதில் டப்பென்று வெடித்தது. அடுத்தது எழுநூற்று அறுபது. டிஸ்பாட்ச் அறைக்கும் சோதனைக்கூடத்துக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு. மூன்று சத்தம் வரை ரவிசந்திரன் அசையாமல் இருந்தான். தான் கேட்டதைத்தான் செய்கிறாள் என்று நினைத்திருப்பான். நாலாவது சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்தான்.

"என்ன செய்யுத?"

"உடைக்கேன்."

"மூணு போதுமே."

"இருக்கதெல்லாம் உடைக்கேன்."

"நோட்டுல ஒண்ணும் எழுதக் காணோம்?"

"எதுக்கு எழுதணும்? இது எந்தக் கட்டடத்து கியூபும் இல்லல்லா."

அவன் அங்கேயே நின்றான். ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொன்றும் நல்ல கட்டி, உடைய மனசில்லாமல் உடைந்தது. ஒன்பதாவதும் முடிந்ததும் அகல்யா தூளைக் கூட்டி வாளியில் அள்ளினாள். எவ்வளவு சிமெண்ட் செலவழித்து எவ்வளவு கவனமாக வார்த்த கட்டிகள் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு கம்ப்யூட்டரில் மூன்று எண்களையும் ஏற்றி, ஒரு பிரதி எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

"மூணு நம்பரும் போட்டாச்சு. கடைசில காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அத காலியா விட்டிருக்கேன். நான் நிரப்புனா புருஷனக் காட்டிக்குடுத்த மாதிரி ஆகும். யாரும் நிரப்பாட்டா தத்தாவத் தொரத்துவாவ. பத்து மணிக்கு நான் மெயில் அனுப்பிருவேன். அதுக்குள்ள என்ன செய்யணுமோ நீங்க செய்ங்க."

ரவிசந்திரன் காகிதத்தை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனான். தடுப்புக்கு அந்தப் பக்கம் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வெளியில் இரண்டு வண்டிகள் நிரம்பிக் காத்துக்கொண்டிருந்தன. ஒன்பது நாற்பதுக்குத் தத்தா தன் வண்டியிலிருந்து இறங்கி, துண்டையும் சாப்பாட்டு டப்பாவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, சாவியோடு மேனேஜர் அறைப் பக்கம் நடப்பதை அகல்யா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. நேற்று அந்தக் கட்டியைப் பார்த்தவன், தானாகவே போகிறான். எழுந்து போய் அவனை நிறுத்திவிடலாமா என்று இருந்தது.

அப்போது டிஸ்பாட்ச் அறைக் கதவு திறந்தது. ரவிசந்திரன் காகிதத்தை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குடை எடுக்காமல், தத்தாவை எட்டிப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போனான். பாதி வழியில் அவன் தோளில் கை வைத்தான். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. தத்தா அங்கேயே நின்றுவிட்டான். ரவிசந்திரன் மட்டும் உள்ளே போனான்.

அவன் அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தது இரண்டே வரி. வண்டி தாமதமானது தன் தவறு, தண்ணீர் விடச் சொன்னது தான். பெயர், தேதி. குல்கர்ணி சாஹேப் கத்துகிற மனிதரில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதைப் போன வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாம்" என்றாராம். கசார்வாடிக்கு அவரே போன் பண்ணி ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்தினார். தத்தா சாவியை வைத்துக்கொண்டான், ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு. ரவிசந்திரனின் நாற்காலி போயிற்று. வேலை போகவில்லை. வெயிலிலும் மழையிலும் சைட்டுகளில் நின்று கான்கிரீட் இறங்குவதைப் பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். முதல் சைட் கசார்வாடி. ஆறு தூண்களையும் உடைத்து எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, புதிதாகப் போட்டு முடிக்கும்வரை அங்கேயே நிற்கவேண்டும் என்று உத்தரவு. கட்டடத்தின் வடிவமைப்பாளர் ஒரே வரியில், சோதித்துப் பார்த்து வாதாட நேரமில்லை, ஆறும் ஒரே வண்டி, ஆறையும் உடையுங்கள் என்று எழுதிவிட்டார்.

அடுத்த புதன்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. மதியம் அகல்யா சோதனைக்கூடத்தில் டப்பாவைத் திறந்து, சப்பாத்தியும் கத்தரிக்காயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ரவிசந்திரன். பின்னால் உடைக்கிற இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. வழக்கம்போலக் காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறான் என்று குரலில் தெரிந்தது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுட்டு இருக்கேன். உடைக்க ஆரம்பிச்சாச்சா?"

"காலைலயே ஆரம்பிச்சாச்சு. ஏட்டி, நாலு தூணு உடையவே மாட்டேங்கு. பிரேக்கர்காரன் ரெண்டு உளி மாத்திட்டான். இவ்வளவு கெட்டியான தூண எந்தக் கோட்டி உடைக்கச் சொன்னான்னு என்னப் பாத்துக் கேக்கான்."

அகல்யா கையிலிருந்த சப்பாத்தியை டப்பாவில் வைத்தாள். ஒரு கணம், அந்த மூன்று கட்டிகளும் பொய் சொல்லிவிட்டனவோ என்று தோன்றியது. ஒரு நாற்காலி, ஒரு மனுஷனின் பத்தொன்பது வருடம், எல்லாம் அவள் போட்ட எண்ணால் போனவை.

"மத்த ரெண்டு?" என்றாள்.

இயந்திரம் நின்றது. அவன் மூச்சு விடுவது கேட்டது.

"படிக்கட்டு ஓரத்து ரெண்டு. அதுக்கு மிசினே வேண்டாம். நான் விரல வச்சுச் சொரண்டுனேன், உதிருது. ஜல்லி தனியா மண்ணு தனியா வருது. தண்ணி டிரம்முல சரியாக் கலக்கல, அகல்யா. மொதல்ல எறங்குனதுல ஒண்ணும் சேரல, கடைசியா எறங்குனதுலதான் பூராவும் போயிருக்கு. கியூபுக்கும் அதுலதான் எடுத்திருக்காவ. ரெண்டு நிமிசம் போதும்னு சொன்னேம்லா."

அவள் டப்பாவை மூடி வைத்தாள்.

"காலைல வந்ததும் ஆறையும் சுத்திச் சுத்திப் பாத்தேன். எது நல்லது எது கெட்டதுன்னு எனக்கே தெரியல. ஆறும் ஒண்ணு போலத்தான் நின்னுச்சு."

"நீங்க சாப்பிட்டியளா?" அவளுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"இன்னும் இல்ல. புதுக் கான்கிரீட்டு எத்தன மணிக்குன்னு கேக்கதுக்குத் தத்தா வந்திருக்கான். அவனும் பாத்தான். கீழ போயி டீ வாங்கியாந்து எங்கிட்ட குடுத்துட்டுத் தள்ளி நிக்கான். ஒரு கையில டீ. ஒரு கையில இந்தத் தூணு உதுந்தது. எதக் கீழ வைக்கன்னு தெரியாம நிக்கேன்ட்டி."